திருவல்லிக்கேணி: நடுவில் நிற்கும் 'வ' யாருடையது?

கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரிப் பக்கம் போகும் பறக்கும் ரயிலில் சேப்பாக்கத்துக்கு அடுத்த நிலையம் திருவல்லிக்கேணி. ஆங்கில எழுத்திலும் பலகையில் அந்தப் பெயர்தான். ட்ரிப்ளிகேன் அங்கே இல்லை. படியிறங்கித் தெருவுக்கு வந்தால் கதை வேறு. கடைப் பலகைகளில், ஆட்டோக்காரர் வாயில், விடுதி விளம்பரங்களில் எல்லாம் ட்ரிப்ளிகேன் நன்றாகவே வாழ்கிறது. 1904-ல் தொடங்கிய கூட்டுறவு பண்டகசாலையை இன்றும் டி.யு.சி.எஸ் என்றுதான் சொல்கிறோம். அதன் முதல் எழுத்து இந்த ஊர்தான்.

இரண்டு பெயரும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை என்பது எல்லோருக்கும் தெரியும். திருவல்லிக்கேணி என்றால் அல்லிக்குளம் என்பதும் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரிந்ததாக நாம் வைத்திருக்கும் அந்தப் பொருளை எது நிலைநாட்டுகிறது என்று கேட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இது. ஏனென்றால் பெயரைப் பிரிக்கும்போது இரண்டு வழி திறக்கிறது, இலக்கணம் இரண்டையும் விட்டுவிடுகிறது.

முதலில் அந்த இரண்டு வழி. திரு என்பது உகரத்தில் முடிகிறது. அதற்குப் பின் உயிரெழுத்தில் தொடங்கும் சொல் வந்தால் நடுவில் வகர உடம்படுமெய் தோன்றும். இ, ஈ, ஐ என்று முடிந்தால் யகரம், ஏனைய உயிர்களுக்கு வகரம், ஏகாரத்துக்கு இரண்டும் என்பது நன்னூல் விதி. திரு + ஆரூர் திருவாரூர் ஆனது அப்படித்தான். அதே விதிப்படி திரு + அல்லிக்கேணி திருவல்லிக்கேணி ஆகும். ஆனால் திரு + வல்லிக்கேணி என்று பிரித்தாலும் வடிவம் ஓரெழுத்தும் மாறாது. வல்லி என்றால் கொடி. இங்குள்ள பார்த்தசாரதி கோயிலில் தாயாரின் திருநாமம் வேதவல்லி. இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட ஆசை வருவது இயல்பு. அந்த 'வ' சந்தியில் வந்த விருந்தாளியா, சொல்லிலேயே பிறந்த எழுத்தா என்பதில்தான் முழு வழக்கும் இருக்கிறது.

இந்த மாதிரிப் பெயர்களுக்கு எளிமையான சோதனை ஒன்று உண்டு. 'திரு' இல்லாமல் அந்தப் பெயர் பழைய பாட்டிலோ கல்வெட்டிலோ வருகிறதா என்று தேடுவது. சென்னையிலேயே இரண்டு நல்ல எடுத்துக்காட்டுகள். திருவொற்றியூரை அப்பர் "ஒற்றியூர் உடைய கோவே" என்று பாடுகிறார். ஆக அங்கே வகரம் விருந்தாளி, ஊர் ஒற்றியூர். திருவான்மியூரை அதே அப்பர் "வான்மியூர் ஈசனே" என்கிறார். அங்கே வகரம் வீட்டுக்காரர்; ஊர் வான்மியூர். கேட்பதற்கு இரண்டும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும் பெயர்கள். உள்ளே கட்டுமானம் வேறு. எழுத்து ஒற்றுமையை மட்டும் வைத்துப் பெயர்க்காரணம் சொல்பவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான்.

திருவல்லிக்கேணிக்கு இந்தச் சோதனையை வைத்தால் ஒரு சுவையான முட்டுக்கட்டை வருகிறது. 'திரு' இல்லாத வடிவம் ஒன்று ஆழ்வார் பாட்டில் கிடைக்கத்தான் செய்கிறது. திருமழிசையாழ்வார் நான்முகன் திருவந்தாதியின் 35-ஆம் பாட்டில் பள்ளிகொண்ட பெருமாளைப் பார்த்து, உலகளந்த களைப்பா, ஏன் பேசாமல் கிடக்கிறாய் என்று கேட்கிறார். "நீளோதம் வந்தலைக்கும் மாமயிலை மாவல்லிக்கேணியான்" என்பது அந்தப் பாட்டின் அடி. திரு போனது, அதன் இடத்தில் மா வந்து உட்கார்ந்தது. மா + அல்லிக்கேணி என்றாலும் மாவல்லிக்கேணி, மா + வல்லிக்கேணி என்றாலும் மாவல்லிக்கேணி. ஆகாரத்துக்குப் பின்னும் வகரமே வரும் அல்லவா? நல்ல சாட்சி கிடைத்தும் அது இரண்டு பக்கமும் பேசுகிறது.

அடுத்த சாட்சி பேயாழ்வார். மயிலையில் பிறந்தவராகப் போற்றப்படுபவர், முதலாழ்வார் மூவரில் ஒருவர். மூன்றாம் திருவந்தாதியின் 16-ஆம் வெண்பா இது:

வந்துதைத்த வெண்திரைகள் செம்பவள வெண்முத்தம்
அந்தி விளக்கும் அணிவிளக்காம் - எந்தை
ஒருவல்லித் தாமரையாள் ஒன்றியசீர் மார்வன்
திருவல்லிக் கேணியான் சென்று

கடைசி இரண்டு அடிகளின் தொடக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒருவல்லி, திருவல்லி. எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒத்தால் போதும். இங்கே முதலெழுத்தைத் தவிர மற்ற எல்லாம் ஒத்துப்போகின்றன. இரண்டு சொல்லையும் ஒரே தறியில் நெய்திருக்கிறார். முதலாவதை எப்படிப் பிரிப்பது? 'ஒரு அல்லித் தாமரையாள்' என்றால் பொருள் தடங்கலின்றி வருகிறது: ஒப்பற்ற, அல்லியையுடைய தாமரையில் வீற்றிருப்பவள், திருமகள். அல்லித் தாமரை, அல்லி மாமலர் என்பதெல்லாம் ஆழ்வார் பாடல்களில் பிராட்டியைச் சொல்லும்போது அடிக்கடி வரும் தொடர்கள். 'வல்லித் தாமரையாள்' என்று பிரித்தால் கொடியும் தாமரையும் ஒட்டாமல் தனித்தனியே நிற்கும். மூன்றாம் அடியில் அல்லி என்று பிரித்தால்தான் பொருள் நிற்கிறது. அதனோடு தோளோடு தோளாக நிற்கும் நான்காம் அடியிலும் அதே காதுதான் வேலை செய்திருக்க வேண்டும். என் தீர்ப்புக்கு இந்த வெண்பாதான் முதல் தூண்.

இதற்குள்ளே ஒரு நுட்பம். இரண்டு அடியிலும் அல்லி ஒன்றல்ல. தாமரைக்கு அல்லி என்றால் அகவிதழ். பூவின் உள்ளே இருக்கும் இதழடுக்கு. கேணிக்கு அல்லி என்றால் நீரில் பூக்கும் ஆம்பல். ஒலி ஒன்று, பொருள் இரண்டு என்பதை வைத்துக்கொண்டு, கேணியின் பெயரைத் திருமகளின் பூவுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார் பேயாழ்வார். ஒரு ஊர்ப்பெயரை ஒரு பெரும் கவி இப்படிக் கையில் எடுத்து விளையாடினால், அந்தப் பெயரின் பொருள் அந்தக் காலத்துக் காதுக்குத் தெளிவாக இருந்தது என்று பொருள். கேட்பவருக்குப் புரியாத சொல்லை வைத்து யாரும் சிலேடை கட்டுவதில்லை.

இரண்டாவது தூண் வடமொழியிலிருந்து வருகிறது. கோயில் திருக்குளத்தின் பெயர் கைரவிணி. கைரவம் என்றால் நிலவில் மலரும் வெள்ளாம்பல். கைரவிணி அது நிறைந்த நீர்நிலை. அல்லிக்கேணியை அப்படியே எடுத்து மொழிபெயர்த்த பெயர் அது. தலபுராண மரபு இந்த இடத்தைப் பிருந்தாரண்யம், அதாவது துளசிக்காடு என்றும் சொல்கிறது. மொழிபெயர்ப்புப் பெயர்களை மூலப்பெயருக்கு மூத்தவையாக எடுத்துக்கொள்வது பெரும் பிழை. அந்தப் பிழையை நம் ஊர்களில் நிறையச் செய்திருக்கிறோம். ஆனால் அவற்றுக்கு வேறொரு பயன் உண்டு. மொழிபெயர்த்தவர் மூலத்தை எப்படிப் பிரித்துப் படித்தார் என்பதை அவை காட்டிக்கொடுக்கும். இங்கே மொழிபெயர்த்தவர் கண்ணுக்குக் கொடி தெரியவில்லை, பூதான் தெரிந்திருக்கிறது.

ஆக 'வ' விருந்தாளி. ஊர் அல்லிக்கேணி.

இனி கேணி. இந்தச் சொல்லைக் குளம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம், அது போதாது. குளம், ஏரி, தாங்கல், ஊருணி, கேணி எல்லாம் நீர்நிலைதான், ஆனால் நீர் வரும் வழி வேறு. ஏரிக்கு நீர் மேலிருந்து ஓடி வரும், கரை அதை மறிக்கும். கேணிக்கு நீர் கீழிருந்து ஊறி வரும், தோண்டினால் கிடைக்கும். "தொட்டனைத் தூறும் மணற்கேணி" என்று குறள் சொல்லும்போது இந்த வேறுபாடுதான் உவமையின் உயிர். தோண்டத் தோண்ட ஊறும், அதுவும் மணலில். திருவல்லிக்கேணி நிற்கும் மண்ணைப் பார்த்தால் அந்த உவமை ஊர்ப்படமாகவே மாறிவிடுகிறது. கடற்கரைக்கு மிக அருகே, மணற்பாங்கான நிலம். அங்கே ஏரி கட்ட வாய்ப்பு இல்லை. கேணி தோண்டத்தான் முடியும்.

கடலுக்கு அருகே மணலைத் தோண்டினால் உப்புநீர்தானே வரும் என்று கேட்கலாம். மழைநீர் மணலில் நேராக இறங்கும். நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் அடியில் உள்ள கடல்நீரின் மேல் மிதக்கும். மணற்கரை ஊர்கள் எல்லாம் இப்படி மிதக்கும் நன்னீரின் மேல்தான் வாழ்கின்றன. இதற்கு நீரியலில் ஒரு கணக்கு உண்டு: கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை உப்பு எட்டாமல் அது தாங்கும். இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் ஆபத்து புரியும். மேலே 1 மீட்டர் நீர்மட்டம் குறைந்தால் கீழே உப்பு 40 மீட்டர் ஏறுவதற்கு வழி திறக்கும். ஆழ்குழாய் போட்டு உறிஞ்சும் தெருவில் சில ஆண்டுகளில் குழாய்நீர் கரிக்கத் தொடங்குவது இதனால்தான்.

அல்லி இந்தக் கணக்கின் சாட்சிச் செடி. அது நன்னீர்த் தாவரம், உப்பைத் தாங்காது. ஓடும் நீரில் நிற்காது. கிழங்கு ஊன்ற அடியில் சேறு வேண்டும். இலைக்காம்பு மேலே எட்டும் அளவுக்கு நீர் ஆழம் குறைவாக இருக்க வேண்டும். வெயில் தடையில்லாமல் விழ வேண்டும். கடலலை கேட்கும் தொலைவில் ஒரு கேணியில் அல்லி பூத்தது என்றால், அங்கே நன்னீர் ஆண்டு முழுவதும் மேலேயே நின்றது என்று பொருள். ஊர் வைக்க இடம் தேடி வந்தவனுக்கு இதைவிட நல்ல அடையாளம் வேறு வேண்டுமா? அல்லிக்கேணி என்ற பெயர் அழகுக்காக வைத்த பெயராக எனக்குத் தோன்றவில்லை. இங்கே குடிக்க நீர் உண்டு என்று வழிப்போக்கனுக்குச் சொன்ன தகவல் அது. பசிக்கும் அது உதவியிருக்கிறது. புறநானூற்றில் கணவனை இழந்த ஒருத்தி வெள்ளாம்பலைப் பார்த்து நொந்து சொல்கிறாள்: இளமையில் தழையாடையாக இருந்தாய், இப்போது வேளை தவறிய என் உணவுக்கு அல்லியாகிறாய் என்று. ஆம்பலின் விதை அன்று சமைத்து உண்ணும் பொருள்.

இன்று திருக்குளத்தில் அல்லி ஏன் இல்லை என்ற கேள்விக்கும் இங்கேயே விடை கிடைக்கிறது. சுற்றிலும் கல்படி கட்டிய கோயில் குளத்தில் அவ்வப்போது சேறு வாரப்படும். தெப்பம் மிதக்கும் அளவுக்கு ஆழம் வைக்கப்படும். அல்லிக்கு வேண்டியது சேறு, ஆழக்குறைவு, கலங்காத நீர். குளம் கோயிலுக்கு உரியதாகச் செப்பமான அன்றே பூவின் இடம் சுருங்கியிருக்கும். பூ போன பின்னும் பெயர் நின்றது.

திருமங்கையாழ்வாருக்கு வருவோம். பெரிய திருமொழியில் இரண்டாம் பத்து, மூன்றாம் திருமொழி முழுவதும் இந்த ஊருக்கு. "திருவல்லிக்கேணிக் கண்டேனே" என்று பாட்டுக்குப் பாட்டு முடிகிறது. பேயாழ்வார் 1, திருமழிசையார் 1, இவர் 10. ஆக 12 பாசுரங்கள். இவற்றை பக்திக்காகப் படிப்பவர்கள் நிறைய. நில அமைப்புக்காகவும் படிக்கலாம். இராமனைப் பாடும் பாட்டில், குரவம் கமழும் குளிர்பொழில், குயிலோடு மயில்கள் ஆடும் இடம், "இரவியின் கதிர்கள் நுழைதல் செய்தறியா" அடர்த்தி என்று வருகிறது. கடைசிப் பாட்டில் கட்டடங்களின் பட்டியலே இருக்கிறது:

மன்னு தண்பொழிலும் வாவியும் மதிளும்
மாட மாளிகையும் மண்டபமும்
தென்னன் தொண்டையர்கோன் செய்த நன்மயிலைத்
திருவல்லிக்கேணி நின்றானை

பொழில், வாவி, மதில், மாளிகை, மண்டபம். இவற்றைச் செய்தவன் தொண்டையர்கோன், அதாவது பல்லவ அரசன். வாவி தனியாகச் சொல்லப்படுவதைக் கவனியுங்கள். கோயில் கட்டடமாக வளர்ந்துவிட்ட காலத்திலும் நீர்நிலை பட்டியலில் இரண்டாம் இடத்தில், மதிலுக்கு முன்னால் நிற்கிறது.

இந்த அடிகளில் இன்னொரு சொல் இருக்கிறது. அவசரமாகப் படிப்பவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். நன்மயிலைத் திருவல்லிக்கேணி. திருமழிசையாரும் மாமயிலை மாவல்லிக்கேணி என்றார். இருவருக்கும் ஊர் மயிலை. திருவல்லிக்கேணி மயிலைக்குள் ஓர் இடம். சம்பந்தர் பாட்டில் இதே அமைப்பைச் சிவன் கோயிலுக்குப் பார்க்கலாம்: "மடமயிலைக் கட்டிட்டங் கொண்டான் கபாலீச்சரம்". ஊர் மயிலை, கோயில் இருக்கும் இடம் கபாலீச்சரம். ஒரே ஊரின் இரு புள்ளிகளாகத்தான் இந்த இரண்டும் பாட்டில் நுழைகின்றன. பிறகு அல்லிக்கேணி தனி ஊராக வளர்ந்தது. கபாலீச்சரம் என்ற பெயர் கோயிலோடு நின்றது, ஊர் மயிலாப்பூராகவே தொடர்ந்தது. கடலோரத்தில் இருந்த பழைய கபாலீச்சரம் போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்து, பின்னர் இப்போதுள்ள இடத்தில் எழுந்தது. கோயில் இடம் மாறினாலும் மயிலை மாறவில்லை. பெயர் தரையைப் பிடித்துக்கொண்டால் அதை அசைப்பது கடினம்.

சென்னை மாவட்டத்தின் பழைய வருவாய் வட்டங்களில் ஒன்றுக்கு மயிலாப்பூர் – திருவல்லிக்கேணி வட்டம் என்று பெயர் இருந்தது. நில ஆவணத்தில் அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் நன்மயிலைத் திருவல்லிக்கேணி காதில் ஒலிக்கும். எழுதிய எழுத்தர் பாசுரத்தை நினைத்து எழுதியிருக்க மாட்டார். நிலம் அப்படிச் சேர்ந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

பாட்டுக்கு அடுத்து கல். கோயிலில் உள்ள பழைய கல்வெட்டு பல்லவ மன்னன் தந்திவர்மனின் 12-ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கோயில் நிலம் அடகுக்குப் போய், அதனால் இறைவனுக்கு வைக்கும் அமுதுபடி குறைந்தது என்றும், ஒருவர் அந்த நிலத்தை மீட்டுப் படையலை மீண்டும் நிறுவினார் என்றும் அது சொல்கிறது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. நிலம் அடகு வைக்கும் அளவுக்கு நிர்வாகச் சிக்கல் வந்துவிட்ட கோயில் என்றால், அது அன்றைக்குப் புதுக்கோயில் அல்ல. கல்வெட்டின் ஆண்டைக் கோயிலின் பிறந்த ஆண்டாக எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு. கல்வெட்டு அந்த ஆண்டில் நடந்த ஒரு செயலுக்குத்தான் சாட்சி. அதற்கு முன் எவ்வளவு காலம் இருந்தது என்பதைச் செய்தியின் தன்மையிலிருந்துதான் ஊகிக்க வேண்டும்.

இனி கோயிலுக்கும் பெயருக்கும் உள்ள உறவின் திசை. ஊரின் பெயர் தெய்வத்திலிருந்து வந்ததா, தெய்வத்தின் பெயர் ஊரிலிருந்து வந்ததா? பேயாழ்வார் 'திருவல்லிக்கேணியான்' என்கிறார், திருமழிசையார் 'மாவல்லிக்கேணியான்' என்கிறார். கேணிக்காரன். நீர்நிலை பெருமாளுக்குப் பெயர் கொடுத்திருக்கிறது. இன்று நாம் பார்த்தசாரதி கோயில் என்கிறோம். மூலவரின் திருநாமம் வேங்கடகிருஷ்ணன், பார்த்தசாரதி உற்சவர். "பார்த்தன்தன் தேர்முன் நின்றானை" என்று திருமங்கையார் பாடுகிறார் என்பதால் அந்தக் கோலத்தின் பழமையில் ஐயமில்லை. ஆனால் அவர் பாட்டில் தேரோட்டிக் கண்ணன் மட்டும் இல்லை. சிங்கப்பெருமான் இருக்கிறார், இராமன் இருக்கிறார், யானைக்கு அருளிய வரதர் இருக்கிறார். பள்ளிகொண்டவரைத் திருமழிசையார் பாடிவிட்டார். இந்த ஐவருக்கும் இன்று கோயிலில் சன்னதி உண்டு. ஐந்து கோலங்கள் கூடிய இடத்துக்கு ஒரு கோலத்தின் பெயரை வைக்காமல், எல்லோருக்கும் பொதுவான நீரின் பெயரே நின்றதில் ஒரு நியாயம் இருக்கிறது.

பக்கத்திலேயே எதிர்த்திசைப் பெயரையும் பார்க்கலாம். திருவட்டீஸ்வரன்பேட்டை. அங்கே சிவன் கோயில் பெயர் கொடுத்தது, பேட்டை வாங்கிக்கொண்டது. அர்ச்சுனனோடு வேடனாக வந்து மோதிய ஈசன் என்பது அந்தக் கோயிலின் தலக்கதை. பெருமாள் கோயிலில் பார்த்தனின் சாரதி, சிவன் கோயிலில் பார்த்தனின் எதிராளி, இரண்டும் நடந்துபோகும் தொலைவில். பெயரின் வால் எந்தத் திசை என்று சொல்லிவிடும். ஊர், பாக்கம், கேணி என்று முடிந்தால் பெரும்பாலும் நிலமே பெயர் வைத்திருக்கும். பேட்டை என்றால் வணிகம், குடியேற்றம், பெரும்பாலும் பிற்காலம். புரசைவாக்கத்தில் புரச மரம் முன்னே நிற்கிறது. அதுவே அங்குள்ள கங்காதரேஸ்வரர் கோயிலின் தலமரம். மரம் ஊருக்கும் பெயர் தந்து கோயிலுக்குள்ளும் இடம் பிடித்தது.

தெருப்பெயர்களில்தான் கோயிலின் கை வெளிப்படையாகத் தெரியும். பேயாழ்வார் கோயில் தெரு, அனுமந்தராயன் கோயில் தெரு எல்லாம் விளக்கம் கேட்காதவை. துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு அப்படியல்ல. பாரதியார் கடைசியாக வாழ்ந்து 1921-ல் கண்மூடிய வீடு அந்தத் தெருவில் என்பதால் பெயர் தமிழ்நாடு முழுவதும் அறிமுகம். ஆனால் துளசிங்கர் யார்? துளசியும் சிங்கமும் சேர்ந்த சாமி என்று பலர் சொல்வார்கள். பிருந்தாரண்யம் என்ற துளசிக்காட்டுக் கதையும் அதற்குத் துணை நிற்கும். விடை திருமங்கையார் பாட்டில் இருக்கிறது. பிரகலாதனைச் சீறிய தந்தை தூணைப் புடைக்க வெளிப்பட்டவரை "தெள்ளிய சிங்கம் ஆகிய தேவை" என்று பாடுகிறார். அந்தத் தொடரே கோயிலில் தெள்ளியசிங்கர் என்று திருநாமமானது. வாயில் உருண்டு உருண்டு தெள்ளியசிங்கர் துளசிங்கர் ஆனார். அவர் மேற்கு நோக்கியவர். தனிக் கொடிமரம், தனி வாசல். கோயிலின் பின்பக்கத் தெரு அவர் தெரு. ஒரு பாசுரத்தின் அடைமொழி சாமி பெயராகி, தெருப்பெயராகி, பிள்ளைகளுக்கு வைக்கும் துளசிங்கம் என்ற பெயராகவும் ஆகிவிட்டது. புரியாமல்போன சொல்லுக்குப் பழகிய சொல்லை உடுத்திவிடுவது மக்கள் வாயின் இயல்பு. பெயராராய்ச்சியில் அதிகம் ஏமாற்றுவதும் அதுவே. பொருள் சட்டென்று புரியும் பெயரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ட்ரிப்ளிகேன் இன்னொரு வகைத் திரிபு. அது பொருளைத் தேடவில்லை, நாக்கின் வசதியைத் தேடியது. திரு என்பது ஐரோப்பியர் வாயில் ட்ரி ஆகிவிடும். திருச்சிராப்பள்ளி ட்ரிச்சினாபொலி ஆனது, திருவனந்தபுரம் ட்ரிவாண்ட்ரம் ஆனது. அதோடு வகரத்துக்கும் லகரத்துக்கும் நடுவே இருந்த அகரம் விழுந்துவிட்டது. தனியாக லகரத்தின் மேல் மோதிய வகரம் பகரமாக இறுகியது. கடைசி இகரமும் தேய்ந்து கேணி கேன் ஆனது. இந்த வடிவத்தை வைத்துப் பொருள் தேடுவது வீண். அதில் அல்லியும் இல்லை, கேணியும் இல்லை. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டது. சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றது. அந்த முயற்சி நல்ல முயற்சி என்றே நினைக்கிறேன். எழுத்துக்கூட்டல் நீளமாகிறது என்ற குறை உண்மைதான். ஆனால் ஒரு பெயரை அதன் பொருள் தெரியும்படி எழுதினால், படிப்பவன் ஒரு நாளாவது கேணி எங்கே என்று கேட்பான்.

அந்தக் கேள்விக்கு இன்றும் விடை சொல்ல முடிகிற ஊர் இது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சென்னையின் பெரிய நீர்நிலைகள் பலவற்றுக்கு அந்தப் பேறு இல்லை. மாம்பலம் பக்கத்து நீண்ட ஏரியின் படுகையில் 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. ஏரியின் நினைவு 'லேக் ஏரியா' என்ற பேச்சுவழக்கில் மட்டும். அவ்வளவு பெரிய ஏரிகள் போய்விட்டன, ஒரு கேணி நிற்கிறது. காரணம் கோயில். ஏரிக்கு இருந்த வேலை பாசனம். வயல் போனதும் ஏரி வீண்நிலமாகத் தெரிந்தது. கேணிக்கு இருந்த வேலை தீர்த்தவாரி, தெப்பம். வயலே இல்லாத நகரத்திலும் அந்த வேலை ஓயவில்லை. பெயர் கோயிலுக்கு முந்தியது என்றேன். அந்தப் பெயர் இன்று பொய்யாகாமல் இருப்பது கோயிலால்.

நின்றுவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. சென்னையின் கோயில் குளங்கள் வறண்ட கதை எல்லாம் பெரும்பாலும் மூன்று காரணங்களுக்குள் அடங்கும். ஒன்று, சுற்றிலும் ஆழ்குழாய் பெருகி நிலத்தடி நீர்மட்டம் குளத்தின் அடிக்குக் கீழே இறங்குவது. அப்புறம் ஊற்று வராது. மேலிருந்து ஊற்றினாலும் மணலில் இறங்கிவிடும். இரண்டு, மழைநீரைக் குளத்துக்குக் கொண்டுவரும் வரத்துக்கால் அடைவது. பழைய தார்மேல் புதுத்தார் போட்டுப் போட்டுத் தெரு உயர, வரத்துக்காலின் வாய் மண்ணில் புதைகிறது அல்லது மழைநீர் அதற்கு எட்டாமல் சாக்கடைக்குத் திரும்புகிறது. மூன்றாவது நல்லெண்ணத்தில் செய்யும் பிழை: நீர் நிற்கவில்லையே என்று அடியில் சிமெண்ட் தளம் போடுவது. தளம் போட்டால் நீர் சில மாதம் நிற்கும். ஆனால் கீழிருந்து ஊறவும் முடியாது, கீழே இறங்கி ஊர்க் கிணறுகளை ஊட்டவும் முடியாது. கேணி தொட்டியாகிவிடும்.

தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. மணல் நிலத்தில் அதற்குப் பலன் விரைவு, ஏனென்றால் களிமண் போல நீரைத் தடுக்க அங்கே ஒன்றும் இல்லை. திருவல்லிக்கேணி வீடுகளின் மொட்டைமாடியில் விழும் மழையும் கைரவிணியில் நிற்கும் நீரும் ஒரே மணலுக்குள் கலக்கின்றன. மாடிக் குழாயை வடிகட்டித் தொட்டிக்குத் திருப்பி, ஆண்டுதோறும் புரட்டாசிக்குள் தொட்டியின் மேல்மணலை வாரிக் கழுவிப் போட வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் நுண்தூசி படலமாகப் படிந்து நீர் இறங்காது, வழிந்து தெருவுக்குத்தான் போகும்.

பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும். தெப்பம் மாசியில். நடுவில் மார்கழியும் தையும் மழை குறைந்த மாதங்கள். அந்த இரண்டு மாதமும் நீர் இறங்கிவிடாமல் கேணியில் நின்றால்தான் தெப்பம் மிதக்கும்.